தரை டிக்கெட்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியாருக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் வீரசோழன் டீக்கடையில் நம் மாணவன் ஒருவனைப் பார்த்தேன். கொத்தனார் வேலை பார்க்கிறான். "என்னப்பா, பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப் போறேன்னு சொன்னியே, போனியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்துக் காட்டினான். பின்பக்கம் முழுக்கக் கணக்கு.

வீட்டில் ஆறு பேர். அவன், மனைவி, அம்மா, மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நாலு வயது. மூன்று வயது தாண்டினால் மதுரை மல்டிபிளக்ஸில் முழு டிக்கெட். ஆளுக்கு 190 ரூபாய் வீதம் 1140. ஆன்லைன் முன்பதிவுக்குத் தனிக் கட்டணம். போக வர பஸ். (பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், மதுரை வண்டிக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.) இடைவேளையில் பிள்ளைகள் பாப்கார்ன் கேட்கும். இரவு சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

"அப்புறம் என்ன செஞ்ச?"

"நானும் பெரியவனும் மட்டும் போயிட்டு வந்தோம் சார். அம்மாதான், 'எனக்கு எதுக்குடா படம், டிவியில போடும்போது பாத்துக்கிறேன்'னு சொல்லிருச்சு. வீட்டுக்காரியும் அப்படித்தான் சொன்னா."

இந்தப் பதிவு அந்த அம்மாவைப் பற்றியதுதான். ஆனால் அங்கே வந்து சேர அறுபது வருடம் பின்னால் போகவேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கோடையில் கண்மாய் வற்றிய பிறகு எங்கள் பக்கத்துப் பொட்டலில் டூரிங் டாக்கீஸ் வந்து இறங்கும். கீற்றுக் கொட்டகை, ஒரு ஜெனரேட்டர், ஒரே ஒரு புரொஜெக்டர். ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். ஊருக்கெல்லாம் ஒரு இடைவேளை என்றால் எங்களுக்கு மூன்று நான்கு. சாயங்காலம் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டுக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிய வீடுகள் உண்டு.

உள்ளே மூன்று வகுப்பு. முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் மடக்கு நாற்காலி. பெண்களுக்கு நடுவில் ஒரு தட்டி கட்டித் தனிப் பக்கம். எங்களுக்கு எப்போதும் தரைதான், 25 பைசா. ஆத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் முழு டிக்கெட், எனக்கு அரை டிக்கெட், மடியில் இருந்த தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை. மொத்தம் 65 பைசாவுக்குள் முடிந்துவிடும். தூக்குவாளியில் அவித்த கடலை வீட்டிலிருந்தே வரும், சில நாள் பனங்கிழங்கு. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி ஏறி உட்காருவோம். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார். அதில் வந்த சண்டைகளை எழுதினால் தனிப் பதிவாகும்.

"அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மிளகாய்ப் பழம் பறிக்கப் போனால் ஆத்தாவுக்கு ஒரு நாள் கூலி ஒண்ணேகால் ரூபாய். ஒரு தரை டிக்கெட்டே அதில் ஐந்தில் ஒரு பங்கு. கொத்தனார் மாணவனுக்கு இன்று நாள் கூலி 900. அவன் வாங்கிய 190 ரூபாய் டிக்கெட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்! கூலியோடு ஒப்பிட்டால் அவனுக்கு ஒரு டிக்கெட்டின் பாரம் ஏறவே இல்லை. (நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. 2025-26-இல் அவர்களுக்கு இருந்த 336 ரூபாய் கூலியில் பாதிக்கு மேல் ஒரு டிக்கெட்டுக்கே போய்விடும்.) ஆனால் எங்கள் வீடு முழுக்கப் படம் பார்க்க ஆத்தாவுக்கு அரை நாள் கூலி போதும். அவன் வீடு முழுக்கப் பார்க்க அவனுக்கு மூன்று நாள் கூலிக்கு மேல் வேண்டும். டிக்கெட்டின் பாரம் அதே அளவு, குடும்பத்தின் பாரம் ஏழு மடங்கு. இது எப்படி நடந்தது?

இதற்குச் சினிமாக் கொட்டகையின் வரலாறு கொஞ்சம் தெரியவேண்டும். 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். நம் நாட்டில் சினிமா அரங்கத்துக்குள் போவதற்கு முன் கூடாரத்தில்தான் வளர்ந்தது. பெரிய அரங்குகள் பின்னால் வந்தன. 1952-இல் பராசக்தியோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பெரிய அரங்கானாலும் எங்கள் பொட்டல் கொட்டகையானாலும் ஒரு விஷயம் பொது: விலை படிப்படியாக இருக்கும். திரைக்கு அருகில் உட்கார்ந்தால் குறைவு, தள்ளி உட்கார்ந்தால் அதிகம்.

இந்தப் படிகளைப் பற்றி ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையில் இருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் கருத்து. எங்கள் கொட்டகையில் அது அப்படியே நடந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தரையிலும் தெருத் தெருவாகத்தான் சேர்ந்து உட்காருவோம். ஆனால் டிக்கெட் கொடுக்கிறவர் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. 25 பைசா நீட்டினால் 25 பைசாச் சீட்டு வரும். கோயில் திருவிழாவில் ஒதுங்கி நின்றவர்களும் அங்கே எம்.ஜி.ஆருக்கு விசிலடித்தார்கள். அந்த எம்.ஜி.ஆர் 1977-இல் நம் அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சர் ஆனபோது, அந்த ஓட்டில் பாதி மணல் தரையில் விளைந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

அரசாங்கம் இந்தக் காசில் கை வைத்ததும் பழைய கதைதான். சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் 1939-இல் வந்தது. மதுவிலக்கில் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி அரசு விற்பனை வரி கொண்டுவந்த அதே வருடம். 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. விலக்கால் டிக்கெட் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி வந்தது, அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றதும் தியேட்டர்களை நாலு நாள் மூடிப் போராடினார்கள். பிறகு தமிழ்ப் படத்துக்கு அது 8 ஆகக் குறைந்தது. அதே வருடம் மல்டிபிளக்ஸில் வரி நீங்கலாக அதிகபட்சம் 150 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. என் மாணவனின் 190 அதிலிருந்து வந்ததுதான்.

அந்த வரம்பு நல்ல விஷயம் என்றே சொல்வேன். வேறு மாநிலப் பெருநகரங்களில் ஒரு டிக்கெட் ஐந்நூறு, ஆயிரம் என்று போகிறது. ஜி.எஸ்.டியும் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு இப்போது 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18. ஆக, சட்டம் மேல்படியைப் பிடித்து வைத்திருக்கிறது. போனது கீழ்ப்படி. சென்னை மல்டிபிளக்ஸ்களில் முன்வரிசையில் கொஞ்சம் இருக்கைகளைப் பத்து ரூபாய்க்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. அது தரை டிக்கெட்டின் பேரப்பிள்ளை. இப்போது முதல் வரிசையானாலும் கடைசி வரிசையானாலும் பெரும்பாலும் ஒரே விலைதான். அப்பா நாற்காலியில், அம்மாவும் பிள்ளைகளும் தரையில் என்று பிரித்து உட்கார்ந்தாவது மொத்தக் குடும்பமும் உள்ளே போன வழி அடைபட்டுவிட்டது. மடிப்பிள்ளை, அரை டிக்கெட் இரண்டும் போயின.

தூக்குவாளியும் போனது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்கவேண்டும். ஜிலேபி தின்றுவிட்டு இருக்கையில் கை துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று நீதிபதி கேட்டதாகச் செய்தியில் படித்தேன். நியாயம்தான். எங்கள் கொட்டகையில் கடலைத் தொலியை மணலே விழுங்கிக்கொள்ளும்.

கொட்டகை செத்ததற்குத் தொலைக்காட்சியும் வாடகை டெக்கும்தான் காரணம், மல்டிபிளக்ஸ் அல்ல. அது அவர்கள் வருவதற்கு முன்பே முடிந்த கதை. ஆனால் கொட்டகை போனதும் படம் ஊரை விட்டு அருப்புக்கோட்டைக்குப் போனது. அங்கிருந்து பெரிய திரை, நல்ல சத்தம் என்று மதுரைக்குப் போனது. ஒவ்வொரு முறை படம் தள்ளிப் போனபோதும் குடும்பத்தில் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டார். முதலில் அப்பத்தா, அடுத்து ஆத்தா. கொட்டகை ஊரில் இருந்தபோது பெண்கள் பக்கம்தான் முதலில் நிரம்பும். "எனக்கு எதுக்குடா படம்" என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் ஆத்தா கடைசியாகத் தியேட்டரில் படம் பார்த்தது எப்போது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் நாற்காலி டிக்கெட் எடுத்தேன். பாதிப் படத்தில், "கீழே உக்காந்தா காலை நீட்டலாம்" என்றது. அதற்குப் பிறகு முப்பது வருடம் உயிரோடு இருந்தது. ஒருதரம்கூட நான் கூப்பிடவில்லை. அப்போது டிக்கெட் எனக்கு ஒரு பாரமே இல்லை.

கொத்தனார் தம்பியிடம் இதைச் சொன்னேன். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அருப்புக்கோட்டைத் தியேட்டரில் டிக்கெட் எவ்வளவு என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறான். விசாரித்துவிட்டேன், மதுரையைவிட நன்றாகவே குறைவு. பொங்கலுக்கு அவன் அம்மாவும் வருவதாக இருக்கிறது.

உங்கள் ஊர்க் கொட்டகையில் தரை டிக்கெட் என்ன விலை, யாரோடு போனீர்கள்? நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வருடம் போட்டு எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.