கல்கத்தாவில் கிளம்பிய அலை

இடையில் கம்பி எதுவும் கிடையாது. ஓர் அறையில் ஜகதீஷ் சந்திர போஸ் எழுப்பிய மின்காந்த அலை சுவரைக் கடந்து போய்த் தொலைவில் இருந்த மணியை அடித்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது. 1895 வாக்கில் கல்கத்தா மக்கள் நேரில் பார்த்த சோதனை இது.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியரான போஸ், சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளைக்கூட உண்டாக்கினார். கருவிகளுக்குக் கையில் கிடைத்ததே போதுமானதாக இருந்தது. பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே ஈயத்தாள்களைச் செருகினார். ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் அது வெளியே விட்டது. பிறகு முறுக்கிய சணல் கற்றையை அலையின் வழியில் வைத்தார். முறுக்குக்கு ஏற்ப அலை அதிரும் திசை திரும்பியது. ஒரு பொருளுக்குள் புகுந்து வரும் அலையே அதன் உள்ளமைப்பைச் சொல்லிவிடும் என்பதற்கு இது ஆரம்பகாலச் சான்று.

இரண்டாம் உலகப்போரில் நுண்ணலையைப் பயன்படுத்தும் ராடார் வளர்ந்தது. அதன்பின் மருத்துவத்துறையின் பார்வை நுண்ணலைகள் மீது விழுந்தது. அதற்குக் காரணம் உடலில் உள்ள நீர். கொழுப்பில் நீர் குறைவு, புற்றுக்கட்டியில் அதிகம். எனவே இரண்டும் அலையை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கும். போஸின் 5 மில்லிமீட்டர் அலை தோலிலேயே அடங்கிவிடும் என்பதால், மருத்துவ ஆய்வாளர்கள் சில சென்டிமீட்டர் நீள அலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1970களின் இறுதியில் அமெரிக்காவில் லார்சன், ஜேக்கபி இருவரும் ஒரு நாயின் சிறுநீரகத்தை நீரில் மூழ்கவைத்து, நுண்ணலையால் அதன் உட்புறத்தைப் படமாக்கினார்கள். 2000இல் டார்ட்மத் கல்லூரிக் குழு மார்பகப் பரிசோதனைக்கான முன்மாதிரிக் கருவியை வெளியிட்டது. பெண் குப்புறப் படுத்திருக்க, கீழே திரவத் தொட்டியில் 16 ஆன்டெனாக்கள் மார்பகத்தைச் சுற்றி நிற்கும். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு இதில் இல்லை, மார்பகத்தை நசுக்கவும் வேண்டாம்.

ஆனால் 2007இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆய்வு ஒரு தடையைக் காட்டியது. கொழுப்புக்கும் கட்டிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சுரப்பித் திசுவுக்கும் கட்டிக்கும் உள்ள வேறுபாடோ மிகச் சிறிது. இளம்பெண்களின் மார்பில் சுரப்பித் திசுதான் அதிகம். ஆய்வாளர்கள் இன்றும் இந்த முடிச்சோடுதான் போராடுகிறார்கள்.

படமெடுக்க மட்டுமல்ல, சிகிச்சைக்கும் நுண்ணலை உதவுகிறது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய ‘சமீர்’ நிறுவனம், நுண்ணலையால் எலக்ட்ரான்களை முடுக்கிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரத்தை உள்நாட்டிலேயே உருவாக்கியது. அதன் ஒரு மையம் சென்னை தரமணியில் உள்ளது. நுண்ணலைச் சூட்டால் கட்டியைத் தாக்கும் முறையைச் சென்னை ஐஐடி ஆராய்ந்து வருகிறது.

சிறியதும் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லாததுமான படக்கருவி முதலில் தேவைப்படுவது அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊர்களுக்குத்தான். அரியலூரிலேயே 2022 ஜனவரியில்தான் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நுண்ணலைப் படம் இன்னும் மேமோகிராமின் இடத்தைப் பிடிக்கவில்லை. அது வரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்: மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.