கடனாகத் திரும்பி வந்த புத்தகங்கள்

ஒரு சின்ன கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்டு போன பொருளை, 145 வருடம் கழித்து உங்களுக்கே கடனாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? தென்கொரியா வாங்கிக்கொண்டது!

அந்தப் பொருள் பறிபோன இடம் காங்வா தீவு. கொரியாவின் மேற்குக் கரையில், சியோல் வழியாக வரும் ஹான் நதி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. இங்குள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தீவையும் நிலத்தையும் பிரிப்பது ஒரு குறுகிய நீரிணை. பெயர் 'யோம்ஹா', அதாவது உப்பு ஆறு. அகலம் குறைவுதான், ஆனால் நீரோட்டம் கடுமையானது. கடல் வற்றினால் கண்ணுக்கு எட்டியவரை சேறு. குதிரைப்படைக்கு இதைவிட மோசமான இடம் ஏது? 1232-ல் மங்கோலியர்களுக்குப் பயந்து கொர்யோ அரசு தலைநகரையே இங்கு மாற்றியது. 1270 வரை, 38 வருடம் தாக்குப்பிடித்தது. இன்று ஹெயின்சா மடத்தில் உள்ள எண்பதாயிரத்துக்கும் அதிகமான பௌத்த மரப்பலகைகள் செதுக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான் (1236-1251).

அந்த நம்பிக்கையில்தான் 1782-ல் மன்னர் ஜியோங்ஜோ இங்கே ஓர் அரச நூலகம் அமைத்தார். அரச குடும்பத்துத் திருமணம், இறுதிச் சடங்கு எல்லாவற்றையும் வண்ணப் படங்களோடு பதிவு செய்த 'உய்க்வே' நூல்கள் இங்கே பத்திரமாக வைக்கப்பட்டன.

ஆனால் காலம் மாறிவிட்டது. இந்த முறை எதிரி குதிரையில் வரவில்லை, கப்பலில் வந்தான். கொரியாவில் பிரெஞ்சுப் பாதிரிமார் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க 1866-ல் பிரெஞ்சுக் கடற்படை தீவில் இறங்கியது. மலைக்கோட்டையில் தோற்றுப் பின்வாங்கும்போது நூலகத்தை எரித்து, உய்க்வே நூல்களை அள்ளிச் சென்றது. 1871-ல் அமெரிக்கர்கள், 1875-ல் ஜப்பானியர்கள். 1876-ல் இதே தீவில்தான் ஜப்பானுடன் சமமற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. மங்கோலியரைத் தடுத்த அதே கடல், இவர்களுக்கு வழியானது.

பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடந்த அந்த நூல்களை 1975-ல் கண்டுபிடித்தவர், அங்கே வேலை பார்த்த கொரியப் பெண்மணி பாக் பியோங்-சோன். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2011-ல் நூல்கள் சியோல் வந்தன. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடனாக!

காமர்ஸ் படிக்கும் எனக்கு இதுதான் உறுத்துகிறது. பொருள் சியோலில் இருக்கிறது. கணக்கிலோ அது பிரான்சின் சொத்து. கொள்ளையடித்ததைச் சொத்து என்று எழுதினால் அது எப்படி நேர்மையான கணக்காகும்? ஆனாலும், கொரியா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உரிமைக்காகக் காத்திருந்தால் அந்த நூல்கள் இன்னும் பாரிஸில்தான் இருந்திருக்கும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?