வாளையார் வழியும் விபிஎன் வழியும்

குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. மாவட்டம் மாறும். சினிமாக்காரர்களுக்கு ஏரியாவே மாறும்: இந்தக் கரை சேலம் ஏரியா, அந்தக் கரை கோவை ஏரியா. ஒரே படத்தின் உரிமையை இரண்டு பேருக்குத் தனித்தனியாக விற்பார்கள். ஆனாலும் பவானித் தியேட்டர் கவுண்டரில் 'எந்தக் கரை?' என்று யாரும் கேட்டதில்லை. காசை நீட்டினால் டிக்கெட்.

'இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று இன்று செல்போனில் வருவதும் பெரும்பாலும் அதே ஏரியா வியாபாரம்தான். நாடு நாடாக உரிமையை விற்றிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கவுண்டரில் ஊர் கேட்கிறார்கள். நாம் வாய் திறப்பதற்குள் போனின் ஐபி முகவரி பதில் சொல்லிவிடுகிறது.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. மாவட்டந்தோறும் 144 தடை உத்தரவு. பாலத்தைத் தாண்டியும் பயனில்லை. கேரளத்தில் 25ஆம் தேதி படம் வெளியானது. கோவைப் பக்கத்து ரசிகர்கள் வாளையார் எல்லையைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். குமாரபாளையத்திலிருந்து பாலக்காடு 150 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து போகும் தறிக்காரருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. பிப்ரவரி 7 வரை பொறுத்திருந்தால் படம் இங்கேயே வந்திருக்கும். ஆனாலும் அந்தப் பயணத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. போனவர் எதையும் மறைக்கவில்லை. கொடுத்த டிக்கெட் காசில் படம் எடுத்தவருக்கும் பங்கு போனது. அவர் எங்கே இறங்குகிறார் என்பதைத் தவிரக் கண்டக்டருக்கு வேறொன்றும் தெரியாது.

செல்போனில் வரும் தடையைத் தாண்ட விபிஎன் என்றொரு ஆப் இருக்கிறது. அதில் ஆள் தறிப்பட்டறையை விட்டு நகர்வதில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும், முகவரி மட்டும் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ போய்விடும். இலவச ஆப்பை இறக்கி அனுமதியைத் தொட்டால், பல போன்களில் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னச் சாவி தோன்றும். அதன்பின் போனில் போவது வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான். பாஸ்வேர்டு பொதுவாகப் பூட்டிய உறைக்குள் போகும். ஆனால் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குப் போனோம் என்பது அவர்களுக்குத் தெரியவரும். சர்வர் நடத்தக் காசு வேண்டும். நம்மிடம் வாங்காதவர் எங்கே வாங்குகிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின. பஸ்ஸில் ஏறுகிறவர் பெயரையெல்லாம் கண்டக்டர் ஐந்து வருடம் எழுதிவைப்பதை நாம் ஒப்புக்கொள்வோமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே 2022 ஏப்ரலில், இலங்கையில் வாட்ஸ்அப்பும் முகநூலும் முடக்கப்பட்ட நாளில், விபிஎன் வழியாகத்தான் பலர் பேசிக்கொண்டார்கள். பூட்டு எதற்காகப் போடப்பட்டது என்பதைப் பார்க்காமல் சாவியைக் குறை சொல்ல முடியாது.

பாலக்காடு போனவர் படம் முடிந்ததும் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். விபிஎன்னை அணைக்க மறந்தவரோ, மறுநாள் காலை நூல்கடைக்காரரைக் கூப்பிடப் போனை எடுக்கும்போதும் திரையோரத்தில் அந்தச் சாவி இருக்கிறது.