பனியனுக்குள் ஒரு போர்

போர் வரலாறு என்றதும் நமக்குக் கிடைப்பதெல்லாம் தளபதிகளும் ஒப்பந்தங்களும்தான். சிப்பாயின் உடல் அந்தக் கதையாடலில் வெறும் எண்ணிக்கை. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சிப்பாயைப் பற்றிப் பேச என்ன இருக்கு என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கு. நம்ம ஊர் கப்பலேற்றுகிற டி-சர்ட் பிறப்பால் ஒரு ராணுவ உள்ளாடை.

1913இல் அமெரிக்கக் கடற்படை, சீருடைக்கு உள்ளே போட அரைக்கை வெள்ளைப் பருத்திப் பனியனைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் காடுகளில் அந்த வெள்ளை, எதிரி குறிபார்க்க வசதியாகிப்போனது. பனியன் பச்சையானது. 1942 ஜூலையில் 'லைஃப்' இதழின் அட்டையிலேயே ராணுவப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட பனியனோடு ஒரு வீரர் நின்றார். 1951இல் மார்லன் பிராண்டோ அதைத் திரையில் அணிந்து வந்தபின் உள்ளாடை வெளியாடையாகிவிட்டது. போரை மறக்கடித்துவிட்டுத்தான் சந்தை அதை எடுத்துக்கொண்டது.

மறக்கடிக்கப்பட்டது யாருடைய அனுபவம்? வியட்நாம் போரின்போது கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆள் போதவில்லை. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா, தகுதித் தேர்வில் தேறாதவர்களையும் சேர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஏழைகள், கறுப்பர்கள் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். பருத்திக் காட்டு அடிமைகளின் வம்சம் பருத்திப் பனியன் போட்டுக்கொண்டு போருக்குப் போனது.

இவர்களை வெறும் பலியாட்களாக்கிவிடவும் கூடாது. கையில் துப்பாக்கி இருந்தது, கிராமங்கள் எரிந்தன. வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள் உண்டு. லட்சக்கணக்கில் செத்த வியட்நாமியரில் ஒரு பெயர்கூட அதில் இல்லை. ஆனால் 1971 தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் சிப்பாய்கள் கூடி, தாங்கள் செய்ததையும் கண்டதையும் வாய்விட்டுச் சொன்னார்கள். அதே ஏப்ரலில் பதக்கங்களை நாடாளுமன்ற வாசலில் வீசியெறிந்தார்கள். அரசின் சொல்லாடலுக்கு எதிராகச் சிப்பாய் தானே சாட்சியானது அப்போதுதான்.

1970களின் இறுதியில் திருப்பூர் ஏற்றுமதிக்குள் நுழைந்தபோது, இந்த நினைவு எதுவுமில்லாமல் டி-சர்ட் நம் கைக்கு வந்தது. இன்று காதர்பேட்டை செகண்ட்ஸ் குவியலில் ராணுவப் புள்ளி அச்சிட்ட பனியன் குழந்தை அளவிலும் கிடைக்கிறது. சிப்பாய் அதிலிருந்து காணாமல் போனதுபோலவே, தைத்தவர்களும் போய்விடுகிறார்கள். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். டி-சர்ட்டின் லேபிளில் இதற்கெல்லாம் ஏது இடம்?

சிப்பாயும் தொழிலாளியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சாட்சியம் என்கிற வடிவத்தை. 1984இல் கைமடிக்கிற பையனாக இருந்தவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. ஓவர்லாக் ஓட்டியவருக்கு அறுபது, எழுபது. பலர் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் பேசவும், பேசியதை எழுதி வைக்கவும் சங்கங்களும் சிறுபத்திரிகைகளும் இப்போதே உட்கார வேண்டும்.