ஒரு நெஞ்சுக்குப் பல மருத்துவர்

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் பெரியவர் ஒருவருக்கு நள்ளிரவில் மார்வலி கண்டது. எந்த மருத்துவரை நாடுவது என்று வீட்டார் நான்கு அன்பர்களைக் கேட்க, நான்கு விதமான விடைகள் வந்தன. முக்கால் மணி நேரம் வீணாயிற்று. இறையருளால் அவர் பிழைத்தார். ஒரே இருதயத்திற்கு இத்தனை வகை மருத்துவர்கள் தோன்றிய வரலாற்றை நாம் அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இருதயத்திற்கெனத் தனி மருத்துவர் இலர். 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்மணியின் மார்பில் வைத்துத் துடிப்பைக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. ஹாலந்து நாட்டு ஐந்தோவன், இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் கருவியைச் செம்மைப்படுத்தி, 1924இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய கருவிகளில் தேர்ந்த பொது மருத்துவர்களிடையே இருதய நோய் நிபுணர் என்னும் பிரிவு கிளைத்தது.

கத்தி எடுத்தவர்களின் வழி வேறு. 1896இல் பிராங்பர்ட்டில் ரேன் என்பவர், குத்துப்பட்ட இருதயத்தைத் தைத்து ஓர் இளைஞரைக் காப்பாற்றினார். எனினும், இருதயத்தைத் திறந்து பழுது பார்க்க வேண்டுமாயின், அதுவரை குருதியை ஓட்ட ஒரு பொறி வேண்டுமன்றோ? அப்பொறியைக் கொண்டு 1953இல் பிலடெல்பியாவில் கிப்பன் வெற்றி கண்டார். இருதய அறுவை மருத்துவர் என்னும் துறை அதன்பின் தழைத்தோங்கிற்று.

மூன்றாவது வழியைத் திறந்தவர் ஜெர்மானியர் போர்ஸ்மன். 1929இல் தம் கை நரம்பின் வழியே மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அது இருதயத்தை எட்டியதைக் காட்டினார். அன்று அவரைப் போற்றினார் அரியர். 1956இல் நோபல் பரிசு தேடி வந்தது. அக்குழாயின் நுனியில் சிறு பலூனை அமைத்து, 1977இல் சூரிச் நகரில் குருண்ட்சிக் இரத்தக் குழாய் அடைப்பை விலக்கினார். மார்பைப் பிளவாமல் அடைப்பை நீக்குவோர் இவ்வழி வந்தவர்கள். 1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக ஒருவர் உடலுள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. துடிப்பின் ஒழுங்கைக் கவனிப்போர் பின்னர்த் தனிப் பிரிவாயினர்.

குழந்தைகளின் இருதயக் குறைகளை ஆராய்ந்தவர் பால்டிமோரின் ஹெலன் டாசிக் அம்மையார். செவித்திறன் குன்றிய அவர், விரல்களாலேயே துடிப்பை உணர்ந்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் நம் டாக்டர் பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் கற்று, யுத்த காலத்தில் கோயமுத்தூர் வந்து சேர்ந்த இவ்வம்மையார், 1953இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் பணியேற்று அங்கு இருதய மருத்துவத்தை வளர்த்தார். இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் எனப் போற்றப்பட்ட அவர், 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவர் வாழ்வு பெருமை தருவது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? மருத்துவர்கள் பலராயினும், அவர்கள் ஒருவர்க்கொருவர் துணைவரே. மருந்தா, பலூனா, கத்தியா என்பதை முடிவு செய்வது அவர்கள் கடன். நோயாளியின் வீட்டார் கடனன்று. நாட்பட்ட படபடப்போ இளைப்போ ஆயின், முதலில் பொது மருத்துவரையோ இருதய நோய் நிபுணரையோ நாடுவோம். உரியவரிடம் அவர் அனுப்புவார். திடீரென மார்பு இறுக்கமும், வியர்வையும், மூச்சுத் திணறலும் கண்டால் நிபுணரைத் தேடி அலைய வேண்டா. இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்சில் உடனே விரைவோம். அத்தகைய மருத்துவமனை நம் வீட்டுக்கு அருகில் எது என்பதை இவ்விழா முடிந்து வீடு திரும்பியவுடன் கேட்டறிந்து, சுவரில் எழுதி வைப்போமாக.