சம்பில் ஒயில் இருந்தது, என்ஜின் ஏன் செத்தது?



ஏப்ரல் விடுமுறை வந்தால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நமது ஊர்களிலிருந்து வேன் வேனாக நுவரெலியாவுக்குப் போகிறோம். பூங்கா பார்க்கிறோம், கிரகறி வாவியில் படகு ஓடுகிறோம். அதே ஊரின் மஹகஸ்தொட்ட தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் 1934ஆம் ஆண்டு ஒரு கார் பந்தயம் தொடங்கியது. மலையேற்றப் பந்தயம். ஏப்ரல் வசந்த காலத்தோடு சேர்ந்த அந்தப் பந்தயம் நமது நாட்டின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று. பந்தயம் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நமது குடும்ப வேனுக்கும், நமதூர் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கும் வேண்டிய ஒரு பாடம் அந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

பாடம் இதுதான்: என்ஜினுக்குள் போதிய ஒயில் இருக்கும்போதே, ஒயில் கிடைக்காமல் அந்த என்ஜின் செத்துப்போகலாம்.

நமது மண்ணில் வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வந்த சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரை நம்பித்தான் நமது வயல்கள் இருக்கின்றன. சமுத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. குளத்தின் நீர்மட்டம் துருசு வாய்க்குக் கீழே போய்விட்டால், உள்ளே கிடக்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வாய்க்காலுக்கு வராது. என்ஜினும் அப்படித்தான்.

முதலில், ஒயில் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1883இல் போசம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுகளின் பெயாரிங்குகளைப் பரிசோதித்தார். ஒயில் ஊற்றுவதற்காகப் பெயாரிங்கின் மேலே துளையிட்டார். அச்சு சுழன்றதும் ஒயில் உள்ளே இறங்கவில்லை, மேலே பொங்கி வந்தது. துளையை அடைப்பு வைத்து மூடினார். உள்ளேயிருந்த அமுக்கம் அந்த அடைப்பையும் வெளியே தள்ளியது. மூன்று வருடங்களின் பின், 1886இல், ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். சுழலும் அச்சு தானே ஒயிலை இழுத்து, தனக்கும் பெயாரிங்குக்கும் நடுவே ஒரு படலத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது. அந்தப் படலம் நமது தலைமயிரை விட மிகமிக மெல்லியது. அது இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. நமது காரின் கிராங்கும் கொன்றொட்டும் இன்றைக்கும் அந்த மெல்லிய படலத்தின் மேல்தான் ஓடுகின்றன.

அந்தப் படலத்துக்கு ஒயிலை அனுப்புவது பம்ப். பம்ப் ஒயிலை எடுப்பது என்ஜினின் அடியிலுள்ள சம்பிலிருந்து, ஒரு உறிஞ்சு குழாய் வழியாக. அந்தக் குழாயின் வாய்தான் நமது துருசு வாய்.

இப்போது வளைவுக்கு வாருங்கள். தரம் 10, 11 பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கிற சடத்துவம்தான் இங்கே வேலை செய்கிறது. கார் வேகமாகத் திரும்பும்போது ஒயில் வளைவின் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. பிரேக் அடித்தால் முன்னுக்குப் போகிறது. பக்கவாட்டு ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமமாகும்போது ஒயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். நல்ல டயர் போட்ட பந்தயக் கார் இந்த அளவைத் தொடும். அப்போது குழாயின் வாய் வெளியே தெரிந்தால் பம்ப் ஒயிலை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சும். காற்றால் அச்சைத் தாங்க முடியாது. நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும் என்ஜின் ஒரு செக்கனில் நூறு தடவைக்கு மேல் சுழல்கிறது. மூன்று செக்கன் நீளமான வளைவு என்றால் முந்நூற்றைம்பது சுற்று. படலம் போகிறது, பெயாரிங் சூடாகி உரசுகிறது, கொன்றொட் தட்டத் தொடங்குகிறது. சில வேளைகளில் கொன்றொட் உடைந்து என்ஜினின் பக்கச்சுவரையே துளைத்துக்கொண்டு வருகிறது. பிறகு சம்பைக் கழற்றிப் பார்த்தால் ஒயில் அளவு சரியாகவே இருக்கும்!

இதற்கு நல்ல உதாரணம், நமது நாட்டுப் பந்தயங்களிலும் ஓடிய மினி. 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த சின்னக் கார் அது. நமது மூத்தவர்கள் ஓடிய மொரிஸ் மைனருக்குப் போட்ட அதே வகை என்ஜினைத்தான் அவர் குறுக்காகத் திருப்பி வைத்தார். இடம் மிச்சம் பிடிக்கக் கியர்பெட்டியையும் சம்புக்குள்ளேயே வைத்தார். என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில். 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களிலும் மொன்டே கார்லோ ரெலியை வென்றது அந்த மினியின் கூப்பர் எஸ். சாதாரண ஓட்டத்துக்குப் போதுமாக இருந்த உறிஞ்சு குழாய், பந்தய வளைவுகளில் போதவில்லை. ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் குழாயின் வாய் காற்றில் நின்றது. பந்தயத்துக்கு மினி தயாரித்தவர்கள் செய்தது எளிய வேலை: குழாயின் வாயைச் சம்பின் நடுவுக்கு மாற்றினார்கள். ஒயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுவில் கொஞ்சமாவது மிஞ்சுமல்லவா?

ஓடும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மலையேற்றம் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை, சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் போன்ற இடங்களில், உலக யுத்த காலத்து விமான ஓடுபாதைகளில் பந்தயம் வைத்தார்கள். அங்கே சுற்றுக்குப் பின் சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். வளைவு நீள நீள ஒயில் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கும் நேரமும் கூடும்.

மருந்துகள் படிப்படியாக வந்தன. முதலாவது, சம்புக்குள் தடுப்புத் தகடுகள். வயலுக்கு வரம்பு கட்டுவது போல. சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவும் உண்டு. ஒயில் உள்ளே வரலாம், வெளியே ஓட முடியாது. இரண்டாவது, அமுக்கத்தோடு ஒயிலைச் சேர்த்து வைக்கும் ஒரு தனி உருளை. அமுக்கம் குறைந்த கணத்தில் அது தன் ஒயிலை என்ஜினுக்குக் கொடுக்கும். மூன்றாவது, உலர் சம்ப். சம்பில் விழும் ஒயிலை ஒரு பம்ப் உடனே உறிஞ்சி உயரமான தனித் தாங்கிக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் தாங்கியின் அடியிலிருந்து என்ஜினுக்குக் கொடுக்கும். 1954இல் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் இது இருந்தது. நமது பாட்டன்மார் காலத்து பீஎஸ்ஏ, ட்ரயம்ப் மோட்டார் சைக்கிள்களில் தனியாக ஒரு ஒயில் தாங்கி இருந்ததே, அதுவும் இதே முறைதான்.

"அப்ப ஒயிலைக் கொஞ்சம் கூட ஊத்தினாச் சரிதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங் அதில் அடித்து நுரையாக்கும். நுரை என்பது பாதி காற்று. தப்பிக்க நினைத்த காற்றையே பம்ப் மறுபடி உறிஞ்சும்.

இனி நமது பக்கம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை நமது கரையோரப் பாதை சமதரை. ஒயில் குறைந்த வேனும் இங்கே சத்தமில்லாமல் ஓடும். அதே வேன் மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஆட்களோடும் சாமானோடும் ஏறும்போதுதான், குறைந்த ஒயில் ஒவ்வொரு வளைவிலும் குழாயின் வாயை விட்டு விலகும். வளைவில் மட்டும் சிவப்பு ஒயில் விளக்கு மின்னி மறைந்தால் "வயர் லூஸ்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த விளக்கு எரிவதே அமுக்கம் மிகவும் விழுந்த பிறகுதான். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். பயணத்துக்கு முன்பே சமதரையில் வைத்து, என்ஜின் அணைந்து சில நிமிடங்களின் பின் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான வாகனங்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 1 லீற்றர்தான். அந்த ஒரு லீற்றருக்குப் பயந்து ஒரு என்ஜினையும், நடுக்காட்டில் பிள்ளை குட்டிகளோடு நிற்கிற ஒரு இரவையும் விலையாகக் கொடுக்க வேண்டாம்.

கடற்கரை வீதியில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓடும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. அப்போது ஒயில் பின்னுக்கு ஒதுங்குகிறது, குழாயின் வாய் வெறுமையாகலாம். உயிருக்கு ஆபத்து என்று உம்மா சொன்னால் கேட்பதில்லை. உங்கள் என்ஜினுக்கும் அது ஆபத்து.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "படிப்பு வராட்டி கராஜுக்குப் போ" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். டவரும் ரெனோல்ட்ஸும் கண்டுபிடித்ததைக் கையால் தொட்டு விளங்குகிற இடம் அது. நமதூரில் மொரிஸ் மைனர், ஒஸ்டின், மினி திருத்திய பழைய பாஸ்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. உங்கள் வாப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ அப்படி ஒருவராக இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு கீழே எழுதுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.