முகமது அலி நிறுத்தியிருக்க வேண்டிய இடம்

சிவகாசியிலிருந்து பேசுறேன். பின்னாடி பிரஸ் ஓடுற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, இந்த ஊர்ல அதை நிறுத்தச் சொல்ல முடியாது.

இன்னைக்கு முகமது அலி. அவரைப் பற்றி எல்லாரும் பேசி முடிச்சாச்சே, நீ எதுக்குன்னு கேட்பீங்க. எங்க பெரியப்பா அலியை நேர்ல பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். வளர்ந்த பிறகு தேடிப் படிச்சப்போதான், பெரியப்பா பார்த்தது எவ்வளவு முக்கியமான நேரம்னு புரிஞ்சது.

1980 ஜனவரி. பெரியப்பா அப்போ இங்கே ஒரு லித்தோ பிரஸ்ல மெஷின்மேன். காலண்டர் வேலை டிசம்பரோடு முடிஞ்சிடும், ஜனவரியில்தான் பிரஸ்காரனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். லேபிள் லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போன லாரியில் இவரும் தொற்றிக்கொண்டார். குத்துச்சண்டை பார்க்க இல்லை, தலைவரைப் பார்க்க. எம்ஜிஆர் அப்போ முதலமைச்சர் மட்டுமில்லை, நம்ம அருப்புக்கோட்டை எம்எல்ஏ. 1977ல் அங்கே ஜெயித்துத்தான் கோட்டைக்குப் போனார். விருதுநகர் மாவட்டம்னு ஒண்ணு அப்போ கிடையாது, எல்லாமே ராமநாதபுரம்தான். 1985ல்தான் பிரிச்சாங்க.

அந்த ஜனவரி எம்ஜிஆருக்கு நல்ல மாதம் இல்லை. மாதத் தொடக்கத்தில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக ஜெயித்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கோபிசெட்டிபாளையம், இன்னொண்ணு எங்க சிவகாசி. பெரியப்பா இதைச் சொல்லும்போது இன்னைக்கும் நெஞ்சை நிமிர்த்துவார். அப்படி அடி வாங்கியிருந்த நேரத்தில்தான் அலி சென்னைக்கு வந்தார்.

நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். இவரும் சாதாரண ஆள் இல்லை. அலியோட சொந்த ஊரான லூயிவில்லில் சேர்ந்து வளர்ந்தவர், அலியிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்ட காலத்தில் டபிள்யூபிஏ சாம்பியனாக இருந்தவர். 1971ல் அலியிடம் 12வது ரவுண்டில் தோற்றவர். ஆனா சென்னையில் நடந்தது சண்டை இல்லை. பெரியப்பா சொல்வார்: "ரெண்டு பேரும் வெளையாடுனாங்கடா. அடி படவே இல்ல. கூட்டம் சிரிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

அலிக்கு அப்போ 38 வயது. 1979லேயே ஓய்வை அறிவிச்சிட்டார். மூன்று முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன். அவரோட தொழில் வாழ்க்கை அன்னைக்கு அங்கேயே முடிஞ்சிருந்தா, தோல்வி மூணே மூணு. மூணு பேரையும் பிறகு ஜெயிச்சிருந்தார். கணக்கு நேர். ஏன் அப்படி முடியலைங்கிறதுதான் இன்னைக்கு என் கேள்வி.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம், அக்டோபரில் தொழில்முறைச் சண்டை ஆரம்பம். 1964 பிப்ரவரி 25, மயாமியில் சன்னி லிஸ்டன். 22 வயசுப் பையன் ஜெயிப்பான்னு நினைச்சவங்க ரொம்பக் குறைவு. ஏழாவது ரவுண்டு பெல் அடித்தும் லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கால அலியின் பலம் கை இல்லை, கால். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, குத்து வர்ற இடத்தில் இல்லாமல் போய்விடுவார். ஹெவிவெயிட்காரன் அப்படி ஆட முடியும்னு அதுக்கு முன்னாடி யாரும் நம்பலை. 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வீழ்த்தியபோது கணக்கு 29 சண்டை, 29 வெற்றி.

அடுத்த மாதம், ஏப்ரல் 28, ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். வியட்நாம் போர்க் காலம். பட்டம் போச்சு, உரிமம் போச்சு. ஜூனில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை, பத்தாயிரம் டாலர் அபராதம். மேல்முறையீட்டில் வெளியே இருந்தார், ஆனா மேடை ஏற முடியாது. மூன்றரை வருஷம். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது சரிதான். 25 வயதிலிருந்து 28 வயது வரையிலான கால்களை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

இங்கேதான் கதை திரும்புது. 1970ல் திரும்பி வந்த அலியிடம் பழைய வேகம் முழுசா இல்லை. அதுக்குப் பதிலா அவர் தன்கிட்ட வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சார்: தன்னால் அடி வாங்க முடியும். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியரின் இடது கை 15வது ரவுண்டில் அவரை மல்லாக்கச் சாய்த்தது. உடனே எழுந்து நின்றார். தோற்றார், ஆனா நின்றார். 1973ல் கென் நார்ட்டன் தாடையை உடைத்தார். உடைந்த தாடையோடு 12 ரவுண்டும் ஆடி முடித்தார். 1974 அக்டோபர், கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 25 வயது, 40 சண்டையில் ஒண்ணும் தோற்றதில்லை. 32 வயது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, அடிடா அடிடான்னு விட்டார். ஃபோர்மன் அடித்தே களைத்தார். எட்டாவது ரவுண்டில் கதை முடிந்தது.

உலகம் அதை மூளையின் வெற்றின்னு கொண்டாடுது. நானும் எத்தனை தடவை பார்த்திருக்கேனோ. ஆனா கயிற்றில் சாய்ந்து வாங்கின அத்தனை அடியும் உடம்பில்தானே இறங்கியது? அடுத்த வருஷம் மணிலா. ஃப்ரேசியரோடு 14 ரவுண்டு. ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தன் ஆளை 15வது ரவுண்டுக்கு விடவில்லை. அதனால் அலி ஜெயித்தார். என்னைக் கேட்டா அன்னைக்குப் பெரிய மனுஷன் ஃபட்ச்தான்.

அலி பக்கத்திலும் ஒருத்தர் இருந்தார், டாக்டர் ஃபெர்டி பச்செக்கோ. 1977ல் எர்னி ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு, சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையை அலிக்கும் மனைவிக்கும் பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். ஒருத்தரும் பதில் போடலை. விலகிக்கொண்டார். 1978 பிப்ரவரியில் லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்று, செப்டம்பரில் திருப்பி ஜெயித்துத்தான் ஓய்வு. அந்த ஓய்வில்தான் சென்னை வந்தார்.

சென்னைக்குப் பின் என்ன நடந்தது? இந்தியப் பயணத்தில் இருந்தவரை ஜனாதிபதி கார்ட்டர் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார், மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு திரட்ட. முதல் ஊர் தான்சானியா. அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். இங்கே பிப்ரவரி 17ல் எம்ஜிஆர் ஆட்சி கலைக்கப்பட்டது. ரெண்டு பேரும் முடிஞ்சுபோன ஆட்கள்னு பேச்சு. ஜூனில் எம்ஜிஆர், இந்த முறை மதுரை மேற்கில் நின்று, மறுபடி முதலமைச்சர் ஆனார். அரசியலில் திரும்பி வரலாம். அங்கே எண்ணுவது ஓட்டு.

அலியும் திரும்பினார். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சியில் கூட நின்று அடி வாங்கின பையன். எடை குறைத்து, தலைமுடிக்குச் சாயம் பூசி, பார்க்க இளமையாகத்தான் இருந்தார் அலி. ஒரு ரவுண்டுகூட அவருக்குக் கிடைக்கலை. மூன்று நடுவர்களும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். 61 சண்டையில் அலி முடிவுக்கு முன்பே நிறுத்தப்பட்டது அது ஒண்ணில்தான். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அதுக்கப்புறமும் 1981 டிசம்பரில் நசாவில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு தோல்வி. மொத்தம் 56 வெற்றி, 5 தோல்வி.

1984ல் பார்க்கின்சன் அறிகுறிகள்னு சொன்னாங்க. அடிகள்தான் காரணமான்னு மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. ஆனா உலகத்திலேயே அதிகம் பேசின விளையாட்டு வீரரின் பேச்சு குழறிப்போனது. அதே வருஷம் எம்ஜிஆரும் பக்கவாதத்தில் விழுந்து நியூயார்க் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் குரல் 1967 ஜனவரியில் தொண்டையில் குண்டு பட்டப்பவே பாதி போயிருந்தது. பெரியப்பா ரெண்டு செய்தியையும் பேப்பரிலிருந்து வெட்டி ஒரே நோட்டில் ஒட்டி வைச்சிருந்தார்.

கடைசியா வீட்டுக் கதை ஒண்ணு. எங்க சித்தப்பா பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்குற வேலை. இருபது வருஷத்துக்கு மேல். பெரியப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், போதும்டா தம்பி, பிரஸ்ஸுக்கு வந்துடு, மூட்டை கட்டுற வேலையாவது வாங்கித் தர்றேன்னு. சித்தப்பா ஒரே பதில்தான் வைச்சிருந்தார்: "எனக்கு மருந்து பழகிப்போச்சுண்ணே. ஒண்ணும் ஆகாது."

1996 ஜூலை. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் அலி ஜோதியைப் பிடிச்சுக்கிட்டு நின்றதை ராத்திரி செய்தியில் காட்டினாங்க. வலது கையில் ஜோதி, இடது கை நடுங்கிக்கொண்டே இருக்கு. பெரியப்பா எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். "ஸ்டேடியத்துல நான் பார்த்த கையா இது?" என்றார். அப்புறம் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. படம் முடியிற வரைக்கும் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் தூக்குச்சட்டியோட வழக்கம்போல பஸ்ஸுக்கு நின்னார். இன்னும் ரெண்டு தீபாவளிக்கு அந்த வேலைக்கே போனார்.